திரும்பக் கேட்காத ஒருதரம் சார்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் அது இருக்கிறது. அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'ஒருதரம்' என்றால்தான் தெரியும். மரியாதை உள்ளவர்கள் 'ஒருதரம் சார்' என்பார்கள். எதையும் ஒரு தரத்துக்கு மேல் சொல்லக்கூடாது, எழுதக்கூடாது, கேட்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. இந்தக் கொள்கையை மட்டும் அவர் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் தொழிலில் கெட்டிக்காரர். பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி அது. மாடிப்படி ஏறிக் கதவைத் தள்ளினால் ஏசி குளிரும், காபி மெஷினின் கருகல் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். வரிசையாக மேசைகள். ஜன்னலோர மேசை இவருடையது. இவர்கள் செய்யும் சரக்கு என்னவென்றால், ஒவ்வொரு பேருந்திலும் ஆயாம்மா கையில் ஒரு டேப்லெட் இருக்கும். வண்டி ஒரு நிறுத்தத்துக்கு வந்ததும், அங்கே இறங்க வேண்டிய குழந்தையின் படம் திரையில் வரும். பக்கத்திலேயே அந்தக் குழந்தையை யார் கையில் ஒப்படைக்க வேண்டுமோ அவருடைய படமும் பெயரும் வரும். திரையில் இருக்கும் ஆள் எதிரே நின்றால் குழந்தை இறங்கும். நிற்காவிட்டால் இறங்காது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கேட்க எளிதாக இருப்பதைச் செய்துகொடுக்கத்தான் இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

அந்த மென்பொருளின் நிரலை முதலில் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் வளவளா. ஒப்படைக்க வேண்டியவரின் பெயர் வேண்டுமென்றால் பயணம், புள்ளி, நிறுத்தம், புள்ளி, குழந்தை, புள்ளி, பாதுகாவலர், புள்ளி, பெயர் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கித்தான் வாங்குவார். அடுத்த வரியில் அதே ஆளின் படம் வேண்டுமா? மறுபடியும் பயணம், புள்ளி, நிறுத்தம், புள்ளி. அதற்கடுத்த வரியில் அதே ஆளின் போன் நம்பர் வேண்டுமா? மனிதர் சளைக்காமல் மறுபடியும் தெருமுனையிலிருந்து நடக்க ஆரம்பிப்பார். பக்கம் பக்கமாக இதே நடை.

ஒருதரம் சார் இதை முதன்முதலாகத் திறந்து பார்த்த அன்று அவர் முகம் போன போக்கை அலுவலகம் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தது. யாரோ அவருடைய தட்டில் ஊசிப்போன சாப்பாட்டை வைத்துவிட்ட மாதிரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இது என்ன புரோகிராமா, தேய்ஞ்ச ரெக்கார்டா? ஒரே கேள்வியை எத்தனை தரம் கேப்பான் இந்த ஆளு? ஒரு தரம் கேட்டு வாங்கி கையில வச்சுக்கத் தெரியாதா?"

கையில் வாங்கி வைத்துக்கொண்டார். காலையில் ஆயாம்மா டேப்லெட்டைத் திறந்ததும் அன்றைய பயணம் தொடங்கும் அல்லவா, அந்த இடத்திலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் பாதுகாவலர் யார் என்று ஒரே தரம் கேட்டு, ஒரு குட்டிப் பெயரில் எடுத்து வைத்தார். பிறகு எங்கெல்லாம் அந்த நீளச் சங்கிலி இருந்ததோ அங்கெல்லாம் அந்தக் குட்டிப் பெயரைப் போட்டார். நிரல் இளைத்துப் போனது. மேலாளர் அதைத் திரையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இதைத்தான் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மேலாளருக்கு நிரல் படிக்க வராது. வெள்ளை இடம் நிறைய இருந்தால் நல்ல நிரல் என்பது அவர் கணக்கு.

கூட்டத்தில் ஒரே ஒருத்திதான் கையைத் தூக்கினாள். அவள் டெஸ்டர், மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவள். எதைக் காட்டினாலும் சந்தேகம் கேட்பாள் என்று கெட்ட பெயர் வாங்கியவள். சந்தேகம் கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்பது அங்கே யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

"சார், காலையில எடுத்து வச்சுக்கறீங்க, சரி. நடுவுல பாதுகாவலர் மாறிட்டா என்ன ஆகும்?"

"எப்படிம்மா மாறுவாங்க? அப்பா அம்மா என்ன வாடகை வீடா, மாறிட்டே இருக்க?"

"இல்லை சார், பெத்தவங்க ஆப்ல மாத்தற வசதி இருக்கே. இன்னைக்கு ஒரு நாள் மாமா வந்து கூட்டிட்டுப் போவார்னு மதியானம் போட்டாங்கன்னா?"

"இருக்கு. யார் போடறா? இங்க இருக்கறவங்க யாராவது ஒருத்தர் போட்டிருக்கீங்களா?"

யாரும் போட்டதில்லை. அங்கிருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஆப் வீட்டில் யார் போனில் இருக்கிறது என்பதே தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். ஒருதரம் சாரும் சிரித்தார். டெஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் மேற்கொண்டு மல்லுக்கட்டவும் இல்லை.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சுருக்கியது தப்பில்லை. குழந்தை நடுவழியில் மாறப்போவதில்லை. அதனால் குழந்தையைக் குட்டிப் பெயரில் வைத்துக்கொண்டு, பாதுகாவலர் யார் என்பதை மட்டும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் புதிதாகக் கேட்டிருந்தால் எழுத்தும் மிச்சம், ஆபத்தும் இல்லை. இவரோ மாறக்கூடியதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கையில் எடுத்தது எடுத்த நேரத்து உண்மை. உள்ளே பிறகு என்ன மாறினாலும் கைக்குத் தெரியாது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருதரம் சாரும் ஒருவர். என்ன செய்வது, பாடம் நடத்துகிறவர்கள் பாடத்தைக் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்தால் இந்தக் கொள்கையெல்லாம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும்.

"என் சார்ஜர் எங்கே?"

"பெட்ரூம், அலமாரி, ரெண்டாவது தட்டு, துண்டுக்குப் பின்னாடி" என்பாள் மனைவி.

மறுநாளும் அதே கேள்வி, அதே அலமாரி, அதே துண்டு. இந்த நீளத்தில் யாராவது நிரலில் எழுதியிருந்தால் இவர் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். மனைவி சொன்னால் மட்டும் காதுக்கு இனிமையாக இருந்தது போலிருக்கிறது. இவரும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மகள் விஷயமும் அப்படித்தான். குட்டி என்று கூப்பிடுவார்கள், மூன்றாம் வகுப்பு. "குட்டி சாப்பிட்டாளா?" என்று மனைவியிடம் கேட்பார். "குட்டிக்கு நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்று மனைவியிடம் கேட்பார். குட்டி அதே சோபாவின் மறுகோடியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "அம்மா, அப்பா ரிமோட்டைத் தருவாரான்னு கேளு" என்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மனுஷி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பாசம் இல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். குட்டிக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் முதலில் கலங்குவது அவர்தான். கலங்கிப்போய் மனைவியிடம் கேட்பார், "எவ்வளவு காய்ச்சல்?" என்று. தொட்டுப் பார்க்கலாம் என்பது அவருக்குத் தோன்றாது.

அந்த மனைவி சும்மா இருந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னும், குட்டி பிறக்கும் வரைக்கும், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். நரம்பு கிடைக்காத கைகளில்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று பெயர். குழந்தை கொஞ்சம் பெரியவள் ஆகட்டும், அப்புறம் போகலாம் என்றார்கள். குழந்தை வளர்ந்துவிட்டாள். அதற்குள் மெஷின்கள் எல்லாம் புதிதாகிவிட்டன. இவள் அடுப்பு வேலை முடிந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே பழைய புத்தகங்களையும் புதிய வீடியோக்களையும் வைத்துக்கொண்டு படித்தாள். எங்கெங்கோ விண்ணப்பித்தாள். நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலே அனுப்பி வைத்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. "இந்த வீட்டை விட்டு வெளியே எனக்குன்னு ஒரு மேசை வேணும்ங்க" என்று ஒரு நாள் சொன்னாள். ஒருதரம் சார் தாராளமாகத் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் முற்பகலில், அலுவலகத்தில் இருந்தவருக்கு மனைவியின் போன் வந்தது.

"ஏங்க, அந்தப் பெரிய லேப்ல இருந்து கூப்பிட்டாங்க. இன்னைக்கு மதியானமே இன்டர்வியூக்கு வரச் சொல்றாங்க."

"போயிட்டு வா. நல்ல விஷயம்தானே."

"குட்டி பஸ் வர்ற நேரமும் அதுதான். நீங்கதான் போய் நிக்கணும். பஸ் ஆப்ல என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுட்டேன்."

தன் கம்பெனி ஆப்பைப் பற்றிய அந்த வாக்கியம் அவர் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

"அதுக்கென்ன, நிக்கறேன்."

"எங்க நிக்கணும்னு தெரியுமா?"

"நம்ம தெருமுனைதானே."

"அது போன வருஷம். இப்ப மருந்துக்கடைக்கு எதிர்ல. மருந்துக்கடை தெரியுமில்ல? பேக்கரி தாண்டி."

"ஒரு தரம் சொன்னா போதும்மா. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இதை விட்டா எனக்கு இன்னொண்ணு வராதுங்க. உள்ள போயிட்டா போனை சைலன்ட்ல போட்டுருவேன். பஸ் நம்பர் மட்டும்தான் அடிக்கும். அது அடிக்காம பார்த்துக்கங்க."

பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மேலாளரிடம் போய், மகளைக் கூப்பிடப் போக வேண்டும் என்று அனுமதி கேட்டார். ஏதோ எல்லையைக் காக்கப் புறப்படுகிறவர் மாதிரி இருந்தது அந்த முகம். டெஸ்டரின் மேசையைத் தாண்டித்தான் வெளியே போனார். அன்று கூட்டத்தில் பேசியது இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை.

மருந்துக்கடை எதிரில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். இவர் போய்ப் பக்கத்தில் நின்றதும் பேச்சு நின்றது. ஒரு பெண் கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒருதரம் சார் மரியாதையாகச் சிரித்துப் பார்த்தார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்து ஆயாம்மா இறங்கினாள். கறார் பேர்வழி என்பது பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. டேப்லெட்டைப் பார்ப்பாள், ஆளைப் பார்ப்பாள், குழந்தையின் கையைப் பிடித்து ஒப்படைப்பாள். மற்றக் குழந்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் குட்டி படியில் வந்து நின்றாள். ஆயாம்மா திரையைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நீங்க யாரு சார்?"

"இவ அப்பா."

"அம்மா வரலையா?"

"இன்னைக்கு நான்தான். ஆப்ல என் பேரைப் போட்டிருக்கு பாருங்க."

ஆயாம்மா டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். அதில் அவர் மனைவி பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் பெயர்.

ஒருதரம் சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தொழில் தெரிந்த மனிதர் இல்லையா, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெயர் சர்வரில் மாறியிருக்கிறது. டேப்லெட்டுக்கு உள்ளேயும் மாறியிருக்கிறது. திரைக்கு மட்டும் மாறவில்லை, ஏனென்றால் திரை யாரையும் போய்க் கேட்பதில்லை. காலையில் எடுத்து வைத்ததையே காட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி எடுத்து வைத்த புண்ணியவான் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

"அம்மா, அது காலையில எடுத்து வச்ச பேரு. உள்ள என் பேர்தான் இருக்கும்" என்றார்.

"உள்ள இருந்தா வெளியில ஏன் வரலை?"

"அது... திரும்பக் கேக்கறதில்லை."

"ஏன் கேக்கறதில்லை?"

"சும்மா சும்மா கேக்க வேண்டாம்னுதான்."

"இப்படி யாரு சார் பண்ணி வச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது. "இந்த ஸ்க்ரீனை எழுதினதே நான்தாம்மா" என்றார்.

"எழுதறதுதான் எழுதினீங்க, உங்க பேரையும் சேர்த்து எழுதியிருக்கலாமே" என்றாள் ஆயாம்மா. கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவளுக்கு அது புரியவில்லை.

பயணத்தை ஒரு தரம் மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்றார். வண்டியில் குழந்தைகள் இருக்கும்போது பயணத்தை மூட முடியாது என்றாள் அவள். அதுவும் சரிதான். அந்தப் பூட்டைப் போட்டவரும் இவர்தான். கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"சார், நீங்க யாருன்னு நான் சந்தேகப்படலை. இவளுக்கு யாருன்னுதான் கேக்கறேன்."

பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. ஓட்டுநர் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். ஆயாம்மா குட்டியிடம் குனிந்தாள்.

"யாரும்மா இது?"

"அப்பா."

"இவர்கூடப் போறியா?"

குட்டி யோசித்தாள். "அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.

பெற்ற மகள் பேசிய பேச்சு. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த வீட்டில் எந்தக் கேள்வியும் வேறு வழியாகப் போனதில்லை. ஒருதரம் சார் திருதிருவென்று விழித்தபடி அங்கே நின்ற பெண்கள் பக்கம் திரும்பினார். யாராவது ஒருத்தி தன்னைத் தெரியும் என்று சொல்லிவிட்டால் போதும். கைப்பையை அணைத்துப் பிடித்திருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவங்கம்மாவை நல்லாத் தெரியும். தினமும் பேசுவோம். ஆனா வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார்னு இல்ல நான் நினைச்சுட்டிருந்தேன்" என்றாள்.

"நான் இவங்களுக்கு போன் பண்ணிடறேன் சார்" என்று ஆயாம்மா திரையில் மனைவியின் படத்துக்குக் கீழே விரலைக் கொண்டுபோனாள்.

மனைவி இப்போது இன்டர்வியூ அறைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்திருப்பாள். "வேண்டாம்மா. தயவுசெஞ்சு வேண்டாம். அவ இன்டர்வியூல இருக்கா. இது அவளுக்கு ரொம்ப முக்கியம். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன்" என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

ஆயாம்மாவுக்கும் மனசு இருந்தது. விரலை எடுத்தாள்.

"சரி, போன்ல போட்டோ இருக்கா? நீங்களும் குழந்தையும் சேர்ந்து எடுத்தது?"

இருக்காதா? பரபரவென்று தேடினார். வெள்ளைப் பலகையில் வரைந்த கட்டங்கள் வந்தன. பிழைச் செய்திகள் வந்தன. அவர் சுருக்குவதற்கு முன்னால் இருந்த நிரலும், சுருக்கிய பின் இருந்த நிரலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அதையெல்லாம் தாண்டிக் கீழே, வெகு கீழே, துண்டில் சுற்றிய ஒரு சிவப்புக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

"அழகாயிருக்கு சார். ஆனா இது யாரு குழந்தைன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"இவதாம்மா. பிறந்தப்போ எடுத்தது."

"சரி விடுங்க. என்ன வகுப்பு படிக்கிறா?"

"மூணாவது" என்றார் டக்கென்று. உயிர் வந்தது.

"எந்தப் பிரிவு?"

"ஏ."

ஆயாம்மா திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். தப்பு என்று அதிலேயே தெரிந்துவிட்டது. "டீச்சர் பேரு?" என்றாள்.

வரவில்லை. மனைவி பலமுறை சொல்லியிருப்பாள். டீச்சர் இப்படிச் சொன்னார், டீச்சர் அப்படிச் சொன்னார் என்று சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பெயர் அவர் காதுவழியாகத்தான் போயிருக்கும். பலகைக்கு முன்னால் விடை தெரியாமல் நிற்கும் பையனைப் பார்ப்பதுபோல் குட்டி அவரைப் பாவமாகப் பார்த்தாள். அவளுக்கு உதவி செய்ய ஆசைதான். சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கண்டிப்பு போலிருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க சார். நாளைக்கு ஒண்ணுன்னா என் வேலை போயிரும்" என்று ஆயாம்மா விரலை வைத்து அழுத்திவிட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் அவர் மனைவி. பேருந்திலிருந்து போன் வந்தால் எந்தத் தாய் எடுக்காமல் இருப்பாள்? ஆயாம்மா விவரத்தைச் சொன்னாள். மறுமுனையில் அவள் பதறவில்லை, திட்டவில்லை. பிரிவு 'டி' என்றாள், டீச்சர் பெயரைச் சொன்னாள், நிற்கிறவர் குட்டியின் அப்பாதான், அனுப்பிவிடுங்கள் என்றாள். குட்டி தண்ணீர் பாட்டிலை சீட்டிலேயே விட்டிருப்பாள், பாருங்கள் என்றும் சொன்னாள். ஆயாம்மா எட்டிப் பார்த்தாள். பாட்டில் சீட்டில்தான் இருந்தது.

குட்டியின் கை அவர் கைக்கு வந்தது. பேருந்து போனது. பெண்கள் கலைந்தார்கள். போகிற போக்கில் அந்தக் கைப்பைப் பெண், "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா" என்றாள். எடுத்துக்கொள்ள அவரிடம் இடம் இல்லை.

பேக்கரியைத் தாண்டும்போது குட்டி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா இல்லாததால் நேராக அவரிடமே பேச வேண்டியிருந்தது.

"அம்மாவுக்கு வேலை கிடைச்சிடும்ல?"

"தெரியலை குட்டி."

"கிடைச்சிடும். அம்மாவும் நானும் தினமும் இன்டர்வியூ விளையாடினோம். நான்தான் மேனேஜர். நாற்காலியில உக்காந்து கேள்வி கேப்பேன். அம்மா எல்லாத்துக்கும் சரியாச் சொல்வாங்க."

"எப்ப விளையாடினீங்க?"

"நீங்க லேப்டாப் பார்த்துட்டிருப்பீங்களே, அப்ப. பக்கத்து ரூம்ல."

வீட்டுக்கு வந்ததும் அவர் அலுவலகத்துக்கு போன் போட்டார். டெஸ்டர் எடுத்தாள். அன்று கூட்டத்தில் அவள் சொன்னதுதான் சரி, பாதுகாவலரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் புதிதாகக் கேட்கிற மாதிரி உடனே மாற்றச் சொல்லுங்கள், எல்லா வண்டிக்கும் இன்றைக்கே போயாக வேண்டும் என்றார். என்ன சார் ஆச்சு என்று அவள் கேட்டாள். அப்புறம் சொல்வதாகச் சொன்னார். நிரலைத் திருத்த ரொம்ப நேரம் ஆகவில்லை. அங்கே அது சின்ன வேலை.

பிறகு உட்கார்ந்து, மனைவி வந்ததும் எப்படி விளக்குவது என்று யோசித்தார். காலையில் எடுத்து வைத்தது, உள்ளே மாறியது, திரைக்கு வராதது என்று வரிசையாக மனசுக்குள் அடுக்கிப் பார்த்தார். அடுக்க அடுக்க, தப்பு டேப்லெட்டின் பக்கம் போவதுபோல் அவருக்கே ஒரு நிம்மதி வந்தது. மனிதர்கள் அப்படித்தான்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவள் வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், அதன் மடிப்புகூடக் கலையவில்லை. குட்டி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் குட்டியின் தலையைத் தடவிவிட்டு, சான்றிதழ் கவரை மேசைமேல் வைத்து, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். ஒருதரம் சார் சமையலறை வாசலிலேயே நின்றார்.

"அது சாப்ட்வேர்ல ஒரு கோளாறும்மா. பேர் மாறியிருக்கு, ஆனா ஸ்க்ரீன்ல..." என்று ஆரம்பித்தார்.

"சரி" என்றாள்.

"இப்ப சரி பண்ணியாச்சு. இனிமே வராது."

"சரிங்க."

அவள் இப்படிச் சரி சரி என்பதைவிடத் திட்டிவிடலாம். கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இன்டர்வியூ என்ன ஆச்சு?"

"வேற ஆள் பார்த்துக்கறோம்னுட்டாங்க."

"ஏன்? பதில் தெரியலையா?"

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சுது. ரத்தம் எடுத்துக்காட்டச் சொன்னாங்க, எடுத்தேன். புது மெஷினைக் காட்டிக் கேட்டாங்க, சொன்னேன். அந்தப் பெரிய டாக்டரம்மா சிரிச்சாங்ககூட. எப்ப வந்து சேர முடியும்னு கேட்டாங்க. அப்புறம் கடைசியா, சாயங்கால ஷிப்ட் வந்தா குழந்தையை யார் பார்த்துப்பாங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அவளோட அப்பா இருக்கார், அவர் பார்த்துப்பார்னு சொன்னேன். அப்பதான் போன் அடிச்சுது. சின்ன ரூம்ங்க அது. 'அப்பான்னு ஒருத்தர் வந்து நிக்கறாரு, குழந்தையைப் பத்திக் கேட்டா ஒண்ணும் தெரியலை'ன்னு ஆயாம்மா சொன்னது எல்லாருக்கும் கேட்டுது."